ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்காதா?

உடம்பை ஏற்றும் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் ஒரு சித்த மருத்துவரின் யோசனைகள்

உங்கள் வீட்டில் பதினெட்டு, இருபது வயதில் ஒரு பையன் இருக்கிறானா? அப்படியானால் இந்தக் காட்சி உங்களுக்குப் புதிதாக இருக்காது.

விடியற்காலை ஐந்து மணிக்கு அலாரம். கிரவுண்டில் ஓட்டம். வீட்டுக்கு வந்ததும் தண்டால். சாயங்காலம் ஜிம். ராத்திரி கண்ணாடி முன்னால் நின்று கையை மடக்கி மடக்கிப் பார்ப்பது. ஞாயிற்றுக்கிழமையாவது கொஞ்சம் தூங்கட்டுமே என்று அம்மா எழுப்பாமல் விட்டால் அன்றைக்கு வீடே இரண்டுபடும். "ஏம்மா எழுப்பல? ஒரு நாள் விட்டா எல்லாம் கரைஞ்சு போயிடும்மா!"

அம்மாவுக்குப் பிள்ளையின் களைப்பு கவலை. அப்பாவுக்கோ வேறு கணக்கு. "ஜிம்முக்கு மாசப் பணம் கட்டியாச்சு. முப்பது நாளும் போனாத்தானே லாபம்?"

சரி, பையன் சொல்வது நிஜமா? ஒரு நாள் ஓய்வு கொடுத்தால் தசை கரைந்துவிடுமா? தசை வளர ஓய்வு நாள் தேவையா, இல்லையா?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடுமையாக வேலை வாங்கிய தசைக்கு ஓய்வு கட்டாயம் வேண்டும். இன்று கை, நாளை கால் என்று மாற்றி மாற்றிச் செய்பவர் வாரத்தில் நாலைந்து நாள்கூடப் பயிற்சி செய்யலாம். ஒரே தசையை நாள் தவறாமல் வதைப்பவருக்கோ களைப்பு சேரும், காயம் கூடும், பட்ட பாட்டுக்கு ஏற்ற பலன் வராது. ஏன் என்று பார்ப்போம்.

மார்பு 81, ஓட்டம் 7 நிமிஷம்

முந்திரித் தோப்புக்கும் சுண்ணாம்புக் கல்லுக்கும் பேர்போன அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது எங்கள் செந்துறை. இங்கே என்னிடம் உடம்பு வலி என்று வருகிற இளைஞர்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, போலீஸ் செலக்ஷனுக்குத் தயார் செய்பவர்கள். தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்கு ஆண்களுக்கு மார்பளவு சாதாரணமாக 81 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். மூச்சை இழுத்து விரித்தால் குறைந்தது 5 சென்டிமீட்டர் கூட வேண்டும். 1500 மீட்டரை 7 நிமிஷத்துக்குள் ஓட வேண்டும். கயிறு ஏற வேண்டும், தாண்ட வேண்டும். எழுத்துத் தேர்வில் தேறி, உடல் தேர்வுக்குத் தேதி வந்ததும் பையனுக்கு ஒரு வெறி வந்துவிடும். மார்பளவில் ஒரு சென்டிமீட்டர் குறைகிறது என்றால் தினமும் முந்நூறு தண்டால் எடுப்பான்.

இரண்டாம் வகை, சிமெண்ட் ஆலைகளில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள். ராத்திரி முழுக்கக் கண் விழித்துவிட்டு, காலையில் நேராக ஜிம்முக்குப் போகிறார்கள்.

மூன்றாம் வகை, சினிமா நாயகனின் உடம்பைப் பார்த்து ஆசைப்படுபவர்கள். இவர்களைக் கேலி செய்யாதீர்கள். இந்த ஆசை நம் ஊருக்குப் புதிதில்லை. கையில்லாத பனியனை 'சாண்டோ பனியன்' என்கிறோமே, அது யூஜின் சாண்டோ என்ற ஜெர்மானியப் பலசாலியின் பெயர். 1867-ல் பிறந்த அவர், 1904, 1905-ம் ஆண்டுகளில் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்து தன் உடம்பைக் காட்டி ஊர் ஊராக அசத்தினார். நம் கோவை சின்னப்பா தேவருக்கு 'சாண்டோ' பட்டம் ஒட்டிக்கொண்டதும் உடற்பயிற்சியால்தான்.

மூன்று வகையினருக்கும் நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்றே. "தம்பி, வாரத்துல எத்தனை நாள் சும்மா இருப்பே?" பெரும்பாலும் வரும் பதில்: "சும்மா எதுக்குங்கய்யா இருக்கணும்?"

தசை எப்போது வளர்கிறது?

எடை தூக்கும்போது தசை வளர்வதில்லை. அந்த நேரத்தில் அதற்குக் கிடைப்பது வேலையும் களைப்பும், இழைகளில் சின்னச் சின்னச் சிதைவும்தான். இதைப் பழுது பார்க்கும்போது உடம்பு முன்னைவிடக் கொஞ்சம் கெட்டியாகக் கட்டிவிடுகிறது. அடுத்த முறை இதே பாரம் வந்தால் தாங்க வேண்டுமே என்ற முன்னெச்சரிக்கை! அந்தக் கெட்டிதான் நீங்கள் கண்ணாடியில் பார்க்கும் வளர்ச்சி.

கட்டட வேலை தெரிந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். கான்கிரீட் போட்ட மறுநாளே அதன்மேல் பாரம் ஏற்றுவீர்களா? தண்ணீர் கட்டி, நாள் கணக்காக விட்டுவைக்கிறீர்கள் இல்லையா? சிமெண்டைத் தயாரிக்கும் ஊரில் இருந்துகொண்டு இதை மறக்கலாமா?

இந்தப் பழுது பார்க்கும் வேலை எத்தனை மணி நேரம் நடக்கிறது என்பதையும் அளந்திருக்கிறார்கள். 1995-ல் கனடா நாட்டின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆறு இளைஞர்களுக்கு ஒரு கைக்கு மட்டும் கடுமையான எடைப் பயிற்சி கொடுத்தார்கள். மற்ற கை சும்மா இருந்தது. பயிற்சி முடிந்து 4 மணி நேரத்தில், வேலை செய்த கையில் புரதம் கட்டும் வேகம் மற்ற கையைவிட 50 சதவீதம் கூடியிருந்தது. 24 மணி நேரம் கழித்து அது 109 சதவீதம், அதாவது இரண்டு மடங்குக்கும் மேல்! 36 மணி நேரத்தில் ஏறக்குறைய பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது.

கவனித்தீர்களா? மறுநாள் இதே நேரம்தான் உள்ளே வேலை மும்முரமாக நடக்கிறது. பையன் அப்போது அதே கையில் அதே டம்பெல்ஸைத் தூக்குகிறான். கொத்தனார் சுவர் எழுப்பும்போதே கடப்பாரையோடு போய் நிற்பது மாதிரிதான் இது.

சித்த மருத்துவமும் இதையே வேறு மொழியில் சொல்கிறது. நம் உடம்பு ஏழு கட்டுகளால் ஆனது: சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, சுக்கிலம் அல்லது சுரோணிதம். உண்ட உணவு முதலில் சாரமாகி, பிறகு செந்நீராகி, அதற்குப் பிறகே ஊனாகிறது. ஊன் என்பதுதான் தசை. அது வரிசையில் மூன்றாவது. காலையில் குடித்த முட்டை சாயங்காலம் புஜமாகிவிடாது. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் எங்களுக்கு ஆரம்பத்திலேயே சொல்லிக் கொடுத்த பாடம் இது.

"ஒரு நாள் விட்டா கரைஞ்சிடும்!"

இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது? அதற்கும் ஒரு காரணம் இருக்கிறது.

பயிற்சி முடித்த கையோடு தசைக்குள் ரத்தம் நிறைந்து, புஜம் விம்மி நிற்கும். அந்த விம்மல் சில மணி நேரத்தில் வடிந்துவிடும். தவிர, தசை தன் எரிபொருளாக மாவுச்சத்தை 'கிளைகோஜன்' என்ற வடிவில் சேமிக்கிறது. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் சுமார் 3 கிராம் தண்ணீரும் சேர்ந்து நிற்கும். கடுமையான பயிற்சியில் இந்த இருப்பு தீரும்போது தசை கொஞ்சம் சின்னதாகத் தெரியலாம். பையன் அதைப் பார்த்துவிட்டு "போச்சு!" என்று அலறுகிறான். போனது தண்ணீர்தான். வயிறாரச் சோறு சாப்பிட்டு ஒரு நாள் ஓய்வெடுத்தால் அந்த இருப்பு திரும்ப நிறையும்.

சில மாதங்கள் ஒழுங்காகப் பயிற்சி செய்தவர் இரண்டு வாரம் நிறுத்தினால்கூட பலம் பெரிதாகக் குறைவதில்லை. மாதக்கணக்கில் நிறுத்தியவருக்கும், முதல் தடவை கட்டியதைவிட வேகமாகத் தசை திரும்பி வரும். ஆகவே ஞாயிற்றுக்கிழமையை நினைத்து யாரும் நடுங்க வேண்டாம்.

வலித்தால்தான் வளர்ச்சியா?

புதுப் பயிற்சி செய்த மறுநாள் தசை வலிப்பது சகஜம். ஒன்றிலிருந்து மூன்று நாள் வரை அது உச்சத்தில் இருக்கும். பிறகு தானாக அடங்கும். படி இறங்கும்போது தொடை 'அய்யோ' என்று சொல்லும். பயப்பட வேண்டியதில்லை. ஆனால் இந்த வலியை வளர்ச்சியின் அளவுகோலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வலியே இல்லாமலும் தசை வளரும். வலிக்க வேண்டும் என்பதற்காகவே பாரத்தைக் கூட்டுவது, சோறு வெந்ததா என்று பார்க்கக் கையைப் பானைக்குள் விடுவது போல.

மூட்டில் குத்தும் வலி, ஒரே இடத்தில் சுருக்கென்று பிடிக்கும் வலி, வீக்கம் - இவை வேறு வகை. அங்கே பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

கீழாநெல்லி கேட்டு வந்த அம்மா

இப்போது சொல்லப்போவதை வீட்டில் எல்லோரும் கவனமாகப் படியுங்கள்.

சித்திரை வெயிலில் ஒரு நாள் ஓர் அம்மா தன் மகனை அழைத்து வந்தார். "ஐயா, பையனுக்கு மஞ்சக்காமாலை. ஒண்ணுக்கு டீ டிக்காஷன் மாதிரி போகுது. கீழாநெல்லி குடுங்க" என்றார். பையனின் கண்ணைப் பார்த்தேன். மஞ்சளே இல்லை. தொடையைத் தொட்டேன். துள்ளினான். விசாரித்தபோது விஷயம் வெளியே வந்தது. இரண்டு மாதம் எதுவும் செய்யாமல் இருந்துவிட்டு, செலக்ஷன் தேதி வந்ததும் மூன்று நாள் தொடர்ந்து நூற்றுக்கணக்கில் பஸ்கி போட்டிருக்கிறான். வலி தாங்காமல் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கி, நாலாம் நாளும் கிரவுண்டுக்குப் போயிருக்கிறான்.

அவனுக்குக் கீழாநெல்லி தரவில்லை. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ரத்தப் பரிசோதனை, சலைன், சிறுநீரகத்தைக் கண்காணிப்பது என்று சில நாள் சிகிச்சைக்குப் பிறகு வீடு திரும்பினான். நல்ல வேளையாகச் சிறுநீரகம் தப்பியது.

இந்த நோய்க்கு 'ராப்டோமயோலிசிஸ்' என்று பெயர். அளவுக்கு மீறி வதைபட்ட தசை செத்துச் சிதைந்து, அதில் உள்ள மயோகுளோபின் என்ற பொருள் ரத்தத்தில் கலக்கிறது. அது சிறுநீரகத்தைப் பாதிக்கும். சிறுநீர் கடும் டீ நிறத்திலோ கோலா பான நிறத்திலோ போவதற்கு அதுதான் காரணம். நீண்ட இடைவெளிக்குப் பிறகு திடீரென்று கடுமையாகச் செய்வது, கொளுத்தும் வெயில், தண்ணீர் குடிக்காமை, மதுப் பழக்கம் எல்லாம் ஆபத்தைக் கூட்டும். உடம்பில் தண்ணீர் வற்றிய நிலையில் விழுங்கும் சில வலி மாத்திரைகளும் சிறுநீரகத்துக்குக் கெடுதல்.

தாங்க முடியாத தசை வலி, வீக்கம், கை கால் பலவீனம், கறுத்த சிறுநீர் - பயிற்சிக்குப் பிறகு இவை வந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம், நாட்டு மருந்தும் வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி. சித்த மருத்துவன் நானே சொல்கிறேன். கறுத்த சிறுநீர் எல்லாம் காமாலை ஆகாது.

கடைசித் தூக்கலை வேண்டாம் என்றவர்

வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பளு தூக்கும் வீரர். 2014-ல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார்.

2018-ல் ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட் போட்டிக்கு முன்னால், தேசியப் போட்டியில் 194 கிலோவைத் தூக்க முயன்றபோது அவருக்குத் தொடையில் அடிபட்டது. முழுசாகக் குணமாகாத நிலையில்தான் கோல்ட் கோஸ்ட் போனார். அங்கே அவர் தூக்கியது ஸ்னாட்சில் 144, கிளீன் அண்ட் ஜெர்க்கில் 173, மொத்தம் 317 கிலோ. நாலு வருஷத்துக்கு முன்னால் தூக்கியதைவிட 11 கிலோ குறைவு. ஆனாலும் தங்கம் அவருக்குத்தான். வெற்றி உறுதியானதும், மிச்சமிருந்த கடைசி வாய்ப்பை அவர் பயன்படுத்தவே இல்லை.

நம் வீட்டுப் பையனாக இருந்தால் என்ன செய்திருப்பான்? "இன்னும் ஒண்ணு தூக்கிக் காட்டுறேன்" என்று போயிருப்பான். எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரிவதும் பலசாலிக்கு வேண்டிய பலம்தான் தம்பிகளா!

அப்படியானால் வாரத்துக்கு எத்தனை நாள்?

அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின் என்ற அமைப்பு 2009-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், புதிதாகத் தொடங்குபவருக்கு வாரம் 2 முதல் 3 நாள், ஓரளவு பழகியவருக்கு 3 முதல் 4 நாள், நன்கு தேறியவருக்கு 4 முதல் 5 நாள் என்று சொல்லியிருக்கிறது. ஏழு நாள் என்று யாருக்குமே சொல்லவில்லை. வீட்டில் பின்பற்ற இரண்டு அட்டவணைகள் தருகிறேன்.

புதியவருக்கு: திங்கள், புதன், வெள்ளி மட்டும் எடைப் பயிற்சி; முழு உடம்புக்கும். செவ்வாய், வியாழன், சனி நடை அல்லது மெதுவான ஓட்டம். ஞாயிறு முழு ஓய்வு.

ஆறு மாதம், ஒரு வருஷம் பழகியவருக்கு: திங்கள் மேலுடம்பு (மார்பு, முதுகு, தோள், கை). செவ்வாய் கீழுடம்பு (தொடை, பின்தொடை, கெண்டைக்கால்). புதன் ஓய்வு. வியாழன் மறுபடி மேலுடம்பு. வெள்ளி கீழுடம்பு. சனி நடை, யோகாசனம். ஞாயிறு ஓய்வு. ஒவ்வொரு தசைக்கும் வாரம் இரண்டு முறை வேலை கிடைக்கும். நடுவில் குறைந்தது இரண்டு நாள் இடைவெளியும் கிடைக்கும்.

ஒரு விஷயத்தை மறந்துவிடக் கூடாது. பகலில் முந்திரி மூட்டை தூக்கியவனுக்கும், வயலில் மண்வெட்டி பிடித்தவனுக்கும் அதுவும் பயிற்சிக் கணக்கில்தான் சேரும். அன்றைக்குச் சாயங்காலம் ஜிம்மில் அதே முதுகுக்கு வேலை கொடுக்காதீர்கள்.

தூக்கமும் ஓய்வுதான்

ஞாயிறு முழுக்க ஓய்வெடுத்துவிட்டு, தினமும் ராத்திரி ஒரு மணி வரை செல்போன் பார்த்தால் பிரயோஜனமில்லை. வளர்ச்சிக்கான ஹார்மோன் ஆழ்ந்த தூக்கத்தில்தான், அதிலும் இரவின் முற்பகுதியில்தான், அதிகமாகச் சுரக்கிறது.

2021-ல் ஆஸ்திரேலியாவின் டீக்கின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 13 பேரை ஓர் இரவு முழுக்கத் தூங்கவிடாமல் வைத்துச் சோதித்தார்கள். மறுநாள் அவர்கள் தசையில் புரதம் கட்டும் வேகம் 18 சதவீதம் குறைந்திருந்தது. ஒரே ஒரு ராத்திரிக்கு இந்தக் கணக்கு!

ராத்திரி ஷிப்ட் பார்க்கும் தம்பிகள், வேலை முடிந்ததும் நேராக ஜிம்முக்குப் போக வேண்டாம். வீட்டுக்குப் போய், ஜன்னல் திரையை இழுத்துவிட்டுத் தூங்குங்கள். எழுந்து சாப்பிட்டு, சாயங்காலம் பயிற்சி செய்யுங்கள். பகலில் தூங்கக் கூடாது என்று சித்த நூல்கள் சொல்வது ராத்திரி தூங்கியவருக்கு. கண் விழித்து உழைத்தவருக்கு அந்த விதியைக் காட்டாதீர்கள். பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது தூக்கம் வேண்டும். பதினெட்டு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு 8 முதல் 10 மணி நேரம்.

ஓய்வு நாளில் என்ன செய்யலாம்?

ஓய்வு என்றால் நாள் முழுக்கக் கட்டிலில் புரள்வது என்று அர்த்தமில்லை.

* காலையில் அரை மணி நேரம் மெதுவான நடை. ரத்தம் ஓடும், தசைப் பிடிப்பு இளகும்.

* எண்ணெய்க் குளியல். நாலு நாளைக்கு ஒரு முறை எண்ணெய் முழுக்கு என்று தேரையரின் 'பிணியணுகா விதி'யிலேயே உண்டு. அது முடியாதவர்கள் வாரம் ஒரு முறையாவது செய்யலாம். நல்லெண்ணெயை இளஞ்சூட்டில் தேய்த்து, தொடை, கெண்டைக்கால், தோள் ஆகிய இடங்களை மெதுவாகப் பிடித்துவிட்டு, வெந்நீரில் குளிக்கலாம். அன்று வெயிலில் அலைச்சல் வேண்டாம். காய்ச்சல், சளி உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். அடிபட்டு வீங்கிய இடத்தை அழுத்தித் தேய்க்கவே கூடாது.

* சாப்பாட்டைக் குறைக்காதீர்கள். "இன்னிக்கு ஜிம் இல்லையே, முட்டை எதுக்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். பழுது பார்க்கும் நாளில்தானே செங்கல்லும் சிமெண்டும் வேண்டும்? எடைப் பயிற்சி செய்பவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு சுமார் 1.6 கிராம் வரை புரதம் பயன்படும். 60 கிலோ பையனுக்கு 96 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், 100 கிராம் வேர்க்கடலையில் 25 கிராம், 100 கிராம் துவரம்பருப்பில் 22 கிராம் அளவில் இருக்கிறது. மீன், கோழி, பால், தயிர், கொண்டைக்கடலை, உளுந்தங்களி எல்லாம் கைகொடுக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம்.

* சோற்றை ஒதுக்காதீர்கள். தீர்ந்த எரிபொருளை நிரப்புவது சோறும் கம்பும் கேழ்வரகும்தான்.

"அமுக்கரா சாப்பிட்டா ஓய்வு வேண்டாம்ல?"

சித்த மருத்துவரைக் கண்டதும் கேட்கப்படும் கேள்வி இது. அமுக்கரா நல்ல மருந்துதான். 2015-ல் வெளியான ஓர் இந்திய ஆய்வில் 57 ஆண்கள் எட்டு வாரம் எடைப் பயிற்சி செய்தார்கள். அவர்களில் அமுக்கரா வேர்ச் சாறு எடுத்துக்கொண்டவர்களுக்கு மற்றவர்களைவிட பலம் கூடியது. ஆனால் அதே ஆய்வில் அவர்கள் வாரத்தில் எத்தனை நாள் பயிற்சி செய்தார்கள் தெரியுமா? மூன்றே நாள்! ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

மருந்து ஓய்வுக்கு மாற்றாகாது. கர்ப்பிணிகள், தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் அமுக்கராவைத் தாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. "மூணு மாசத்துல உடம்பு ஏறும்" என்று பெயரில்லாத டப்பாவில் யாராவது பொடி கொடுத்தால் தொடவே தொடாதீர்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம்.

நாடி சொல்லும் சேதி

பயிற்சி அளவோடு போகிறதா, மிஞ்சிவிட்டதா? வீட்டிலேயே பார்க்க ஒரு வழி உண்டு. காலையில் கண் விழித்ததும், படுக்கையை விட்டு எழாமல், கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து ஒரு நிமிஷம் நாடியை எண்ணுங்கள். ஒரு வாரம் எண்ணிக் காலண்டரில் குறித்து வைத்தால் உங்கள் வழக்கமான கணக்கு தெரிந்துவிடும். பிறகு ஒரு நாள் அது பத்துத் துடிப்புக்கு மேல் கூடியிருந்து, உடம்பும் அசதியாக இருந்தால், அன்றைக்கு ஓய்வு.

வேறு அறிகுறிகள்: படுத்தும் தூக்கம் வராமை, பசியின்மை, எரிச்சல், அடிக்கடி சளி பிடித்தல், போன வாரம் தூக்கிய எடையை இந்த வாரம் தூக்க முடியாமல் போதல். இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் நாலைந்து நாள் பயிற்சியை நிறுத்துங்கள். இரண்டு வாரத்திலும் சரியாகவில்லை என்றால் ரத்தச்சோகை, தைராய்டு போன்றவை இருக்கிறதா என்று பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

பெற்றோருக்கும் பங்கு உண்டு

இதுவரை படித்த அப்பா, அம்மாவுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகள் மட்டும் தசை வளர்த்தால் போதாது. வயது ஏற ஏறத் தசை தானாகக் குறைகிறது. சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையைப் பெருமளவு வாங்கிக்கொள்வது தசைதான் என்பதால், நீரிழிவைத் தடுக்கவும் அது வேண்டும். வாரத்தில் 2 நாளாவது தசைகளுக்கு வேலை கொடுக்கும் பயிற்சி தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் பெரியவர்கள் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தண்டால், தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது என்று வீட்டிலேயே ஆரம்பிக்கலாம். ஐம்பதைத் தாண்டியவருக்குத் தசை ஆறக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கலாம். நடுவில் இரண்டு நாள் இடைவெளி விட்டால் தப்பில்லை. ரத்த அழுத்தம், இதய நோய், மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு தொடங்க வேண்டும்.

செலக்ஷனுக்குப் பத்து நாள் இருக்கிறதா?

கடைசியாக, தேர்வுக்குத் தேதி வாங்கிவிட்ட தம்பிகளுக்கு. கடைசிப் பத்து நாளில் புதிதாகத் தசை எதுவும் முளைக்கப் போவதில்லை. அந்த நாட்களில் புதுப் பயிற்சி எதையும் ஆரம்பிக்காதீர்கள். ஓட்டத்தின் வேகத்தை விடாமல், தூரத்தையும் எண்ணிக்கையையும் பாதியாகக் குறையுங்கள். தேர்வுக்கு முந்தைய இரண்டு நாள் லேசான நடையும் கை கால் நீட்டலும் போதும். முந்தைய நாள் எண்ணெய்க் குளியலும் வேண்டாம், புதுக் கடைச் சாப்பாடும் வேண்டாம். வீட்டுச் சோறு, நிறையத் தண்ணீர், எட்டு மணி நேரத் தூக்கம்.

அம்மாக்களே, அன்றைக்கு ராத்திரி பத்து மணிக்கு மேல் செல்போனை மட்டும் வாங்கி உங்கள் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் அவனை எழுப்பிவிடும் பொறுப்பு உங்களுடையது.